காந்தாரத்தை மீட்ட மெட்டாலிகா

1992-இல் சிங்கிளாக வெளிவந்த ‘நத்திங் எல்ஸ் மேட்டர்ஸ்’, ஹெவி மெட்டல் இசையின் இலக்கணத்தை எங்கே மீறியது, எங்கே காத்தது என்பதை ஆராயும் சிறப்புக் கட்டுரை

ஹெவி மெட்டல் என்னும் இசைவகை, உரத்த ஓசையும் வேகமும் சினமும் கலந்த இளைஞர் இசை என்றே பொதுவாகக் கருதப்பட்டுவருகிறது. அவ்வகைக் குழுக்கள் அவ்வப்போது வெளியிடும் மென்மையான பாடல்களை, வானொலிக்காகவும் விற்பனைக்காகவும் செய்துகொண்ட சமரசங்கள் என்று ஒதுக்கிவிடுவது விமர்சகர்களிடத்தும் தீவிர ரசிகர்களிடத்தும் ஒருசேரக் காணப்படும் வழக்கமாகும். அமெரிக்காவின் மெட்டாலிகா குழு 1992 ஏப்ரல் 20 அன்று சிங்கிளாக வெளியிட்ட ‘நத்திங் எல்ஸ் மேட்டர்ஸ்’ என்ற பாடலும் இந்தக் குற்றச்சாட்டிலிருந்து தப்பவில்லை. ஆயினும் அப்பாடல் பிறந்த விதத்தையும், அதன் சுர அமைப்பையும், பதிவுக்கூடத்தில் அது பெற்ற வடிவத்தையும், பின்னர் அது பிற கலைஞர்களின் கைகளில் அடைந்த வளர்ச்சியையும் பொறுமையாகப் பார்க்கிறவர்களுக்கு, சந்தை என்ற ஒற்றைக் காரணம் அதை விளக்கப் போதாது என்பது தெளிவாகும். ஒரு பாடல் இயற்றப்படுவதும் அது விற்பனைக்கு அனுப்பப்படுவதும் இரு வேறு செயல்கள் என்பதையும், பின்னதை வைத்து முன்னதை எடைபோடுவது பிழை என்பதையும் இந்தப் பாடலின் வரலாறு ஐயத்துக்கு இடமின்றி எடுத்துக்காட்டுகிறது.

ஆல்பம் என்பது பல பாடல்கள் அடங்கிய தொகுப்பு. அதிலிருந்து ஒரு பாடலை மட்டும் தனியே பிரித்து, வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஒலிக்கச் செய்வதற்காகவும் தனித்தட்டாக விற்பதற்காகவும் வெளியிடுவது சிங்கிள் எனப்படும். பாலட் என்ற சொல் ஐரோப்பாவில் முதலில் கதைப்பாடல்களைக் குறித்தது; இருபதாம் நூற்றாண்டின் வெகுசன இசையில் அது, மெதுவான நடையில் காதலையோ பிரிவையோ பாடும் உணர்ச்சிப் பாடலைக் குறிக்கலாயிற்று. ராக், மெட்டல் குழுக்கள் மென்மையாகத் தொடங்கி, இடையில் டிரம்ஸும் மின்கிட்டாரும் சேர்ந்து உச்சத்தைத் தொடும் வகையில் அமைத்த பாலட்டுகள், பவர் பாலட் என்ற பெயரில் 1980-களில் தனி வழக்காகவே நிலைபெற்றன.

கனத்த ஓசையின் இலக்கணம்

மெட்டல் குழு ஒன்று பாலட் பாடும்போது இசையளவில் என்ன மாறுகிறது என்பதை அறிய, அவ்வகையின் அடிப்படைக் கூறுகள் இரண்டைத் தெரிந்துகொள்வது அவசியம். முதலாவது டிஸ்டார்ஷன்: மின்கிட்டாரிலிருந்து வரும் மின்குறியை ஆம்ப்ளிஃபயரின் தாங்குதிறனுக்கு மேல் செலுத்தினால், ஒலியலையின் முகடுகள் வெட்டுப்பட்டு, மூலச் சுரத்தோடு மேற்சுரங்கள் பல புதிதாகச் சேர, ஓசை கரகரப்பும் தடிமனும் பெறுகிறது. இரண்டாவது பவர் கார்ட்: பல சுரங்களை ஒரே நேரத்தில் ஒலிக்கச் செய்யும் அடுக்கை மேலை இசையில் கார்ட் என்பர், வழக்கமான கார்டில் ஷட்ஜமம், காந்தாரம், பஞ்சமம் ஆகிய மூன்றும் இருக்க, பவர் கார்டில் காந்தாரம் நீக்கப்பட்டு, தம்பூராவின் சுருதியைப் போல ஷட்ஜமமும் பஞ்சமமும் மட்டுமே நிற்கின்றன. டிஸ்டார்ஷன் சேர்ந்த ஓசையில் காந்தாரமும் ஒலித்தால் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று மோதிக் குழம்பிவிடும் என்பதே இந்த நீக்கத்துக்கான காரணமாகும்.

இந்த நீக்கம் வெறும் தொழில்நுட்ப ஏற்பாடாக நின்றுவிடவில்லை. மேலை இசையில் ஒரு கார்ட் மலர்ச்சியைத் தருகிறதா, துயரத்தைத் தருகிறதா என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது காந்தாரமே. அந்தர காந்தாரம் நின்றால் மேஜர் கார்டாகவும், சாதாரண காந்தாரம் நின்றால் மைனர் கார்டாகவும் அது அமைகிறது. காந்தாரம் இல்லாத கார்டுகளின் மேல் எழுப்பப்பட்ட இசை வலிமையையும் அச்சத்தையும் எதிர்ப்பையும் தங்குதடையின்றிப் பேசும். ஏக்கத்தையும் அன்பையும் பேச அதற்குக் குரலையோ தனிவாசிப்பையோ துணைக்கு அழைக்க வேண்டியிருக்கும். 1970-இல் இங்கிலாந்தின் தொழில்நகரமான பர்மிங்காமிலிருந்து பிளாக் சாபத் குழு தன் முதல் ஆல்பத்தை வெளியிட்ட காலம் முதல், மெட்டல் இசையின் முதுகெலும்பாக இருந்துவருவது டிஸ்டார்ஷனில் தோய்ந்த இந்தக் கார்டுகளும், அவற்றைக் கொண்டு அமைத்துத் திரும்பத்திரும்ப வாசிக்கப்படும் ரிஃப் என்னும் குறுந்தொடர்களுமே ஆகும்.

வேகத்தில் பிறந்த குழு

மெட்டாலிகா 1981-இல் லாஸ் ஏஞ்சலஸில் தோன்றியது. டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த டிரம்ஸ் கலைஞர் லார்ஸ் உல்ரிக் உள்ளூர் விளம்பர ஏடு ஒன்றில் கொடுத்த விளம்பரமே, அவரையும் பாடகரும் கிட்டார் கலைஞருமான ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டையும் ஒன்றுசேர்த்தது. பிரிட்டிஷ் மெட்டலின் கட்டமைப்பையும் பங்க் ராக்கின் வேகத்தையும் இணைத்து அமெரிக்க இளைஞர்கள் உருவாக்கிய த்ராஷ் மெட்டல் என்னும் கிளையில், ஸ்லேயர், மெகாடெத், ஆந்த்ராக்ஸ் ஆகிய குழுக்களோடு சேர்த்து எண்ணப்படும் நால்வரில் மெட்டாலிகா முதலிடம் பெற்றது. ஹெட்ஃபீல்டின் வலக்கை அக்காலத்திலேயே பெயர்பெற்றது. தந்தியைக் கீழும் மேலும் மாறிமாறி அடிப்பதே வேகமாக வாசிப்பதற்கு எளிய வழியாக இருக்க, அவர் கீழ்நோக்கிய அடிகளை மட்டுமே கொண்டு, இயந்திரத்துக்குரிய சீரோடு, அதிவேக ரிஃப்களை வாசித்தார். 1986-இல் வெளிவந்த ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ ஆல்பம், வானொலியின் பெரிய ஆதரவோ இசைக்காணொளியோ இன்றியே அமெரிக்காவில் 5 லட்சம் பிரதிகளைத் தாண்டித் தங்கத்தட்டுச் சான்றிதழ் பெற்றது.

இக்குழு மென்மையை முதன்முதலாகத் தொட்டது 1992-இல் அன்று. 1984-இல் வெளிவந்த ‘ரைட் தி லைட்னிங்’ ஆல்பத்தில் இடம்பெற்ற ‘ஃபேட் டு பிளாக்’, வாழ்வின்மீதான பற்றை இழந்தவனின் மனநிலையை அமைதியான கிட்டார் மீட்டலோடு தொடங்கிப் பாடியதால், குழு தன் கொள்கையை விற்றுவிட்டது என்ற முணுமுணுப்பு அப்போதே எழுந்தது. 1986-இல் ‘வெல்கம் ஹோம்’ மனநல விடுதியில் அடைபட்டவனின் குரலையும், 1988-இல் ‘ஒன்’ போரில் கைகால்களையும் புலன்களையும் இழந்த வீரனின் நிலையையும் பாடின. இம்மூன்று பாடல்களும் பாலட்டுக்குரிய மென்மையோடு தொடங்கினாலும், முடிவை நெருங்கும்போது வேகமும் கனமும் கூடி, த்ராஷ் மெட்டலின் வழக்கமான சீற்றத்தில் முடிகின்றன. சாவு, பித்து, போர் என்ற மூன்று பொருள்களும் மெட்டல் இசைக்கு ஏற்கெனவே உரியனவாக இருந்தமையாலும், இறுதியில் வேகம் திரும்பிவிட்டமையாலும், ரசிகர்கள் அவற்றைக் காலப்போக்கில் ஏற்றுக்கொண்டனர்.

‘நத்திங் எல்ஸ் மேட்டர்ஸ்’ இந்த இரு பாதுகாப்புகளையும் கைவிட்டது. அதன் பொருள், தொலைவில் இருக்கும் ஒருவர்மீது கொண்ட அன்பும், அந்த அன்பின்முன் மனந்திறந்து நிற்கும் நிலையும் ஆகும். அதன் நடை தொடக்கம் முதல் முடிவு வரை மெதுவாகவே செல்கிறது. இடையில் கனத்த கிட்டார்கள் சேர்ந்தபோதும் வேகம் கூடுவதில்லை. சீற்றம் வந்து பாடலை மீட்டுச் செல்லும் என்று காத்திருக்கும் ரசிகனுக்கு அப்படியொரு விடுதலையை அது இறுதிவரை தருவதில்லை. முந்தைய மூன்று பாடல்களைப் பொறுத்துக்கொண்டவர்களும் இந்தப் பாடலில் பொறுமை இழந்ததற்கு இதுவே ஆழமான காரணம் எனலாம்.

தொலைபேசியும் நான்கு தந்திகளும்

இப்பாடல் பிறந்த சூழலை ஹெட்ஃபீல்ட் பல நேர்காணல்களில் விவரித்துள்ளார். இசைப்பயணங்களால் நெடுநாள் வீட்டைப் பிரிந்திருந்த காலத்தில், அப்போதைய காதலியோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கையில், ஒரு கையில் தொலைபேசியைப் பிடித்தபடியே மறுகையால் கிட்டாரின் தந்திகளை மீட்டியபோது அமைந்ததே பாடலின் முன்னிசை. அதைக் குழுவுக்காக அவர் இயற்றவில்லை. தமக்கென்று வைத்துக்கொள்ளவே எண்ணியிருந்தார். அதைக் கேட்ட உல்ரிக்தான் ஆல்பத்தில் சேர்க்க வேண்டுமென்று வற்புறுத்தினார். பாடலாசிரியர்களாக இருவர் பெயரும் பதிவாகியுள்ளன.

இந்தச் செய்தியைப் பாடலின் அமைப்பே உறுதிசெய்கிறது. கிட்டாரில் ஒரு கை தந்திகளை மீட்ட, மறுகை கழுத்துப்பகுதியில் தந்திகளை அழுத்திச் சுரங்களை மாற்றும். அழுத்தாமல் விடப்படும் தந்தியைத் திறந்த தந்தி என்பர். இப்பாடலின் முதல் தாள அளவுகளில் ஒலிப்பன நான்கு திறந்த தந்திகள் மட்டுமே: தடித்த ஆறாம் தந்தியும், மூன்றாம், இரண்டாம், முதலாம் தந்திகளும். ஆறாம் தந்தியின் சுரத்தை ஷட்ஜமமாகக் கொண்டால், மூன்றாம் தந்தி சாதாரண காந்தாரமாகவும், இரண்டாம் தந்தி பஞ்சமமாகவும், முதல் தந்தி மேல்ஸ்தாயி ஷட்ஜமமாகவும் அமைகின்றன. கட்டைவிரல் ஆறாம் தந்தியைத் தொட, மற்ற விரல்கள் ஏறி இறங்க, ஸ-க-ப-ஸ-ப-க என்று ஆறு சுரங்கள் ஒரு சுற்றாக ஓடுகின்றன. திஸ்ர நடைக்கு நெருக்கமான இந்த ஆறு-எட்டு தாளக்கட்டில் ஒரு சுற்று ஓர் அளவை நிறைக்கிறது. மறுகைக்கு அதில் வேலையே இல்லை. தொலைபேசியைப் பிடித்திருக்கும் கை பிடித்தபடியே இருக்கலாம்.

இங்கேதான் பாடலின் இசைச் சிறப்பு தொடங்குகிறது. பவர் கார்டுகளில் பத்தாண்டுக்காலம் ஒலிக்காமல் வைத்திருந்த காந்தாரத்தை, டிஸ்டார்ஷன் நீங்கிய தூய ஒலியில், தனித்தனித் தந்தியாக மீட்டும்போது, அது ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை தெளிவாகக் காதில் விழுகிறது. கீழ்நோக்கிய அடிகளுக்குப் பெயர்பெற்ற அதே வலக்கை, அடிப்பதை விட்டு விரல்நுனியால் மீட்டும் முறைக்கு மாறியதால் விளைந்த பயன் இது. பாடலின் சுரவரிசை பெரிதும் மேலை இசையின் இயற்கை மைனர் ஸ்கேலைச் சேர்ந்தது; கர்நாடக இசை அறிந்தவர்கள் அதை நடபைரவி மேளத்தின் சுரங்களாக உடனே இனங்காண்பர். ஆனால் ஒவ்வொரு சரணத்தின் முடிவிலும், பாடல் தன் ஆதாரச் சுரத்துக்குத் திரும்புவதற்குச் சற்றுமுன் வரும் பஞ்சமக் கார்டில், கைசிகி நிஷாதம் இருக்க வேண்டிய இடத்தில் காகலி நிஷாதம் வந்து சேர்கிறது. ஒரு கணம் கீரவாணியின் சாயல் படர்ந்து, ஷட்ஜமத்தில் இறங்கியே தீர வேண்டும் என்ற இழுவிசையை உண்டாக்குகிறது. தலைப்பைத் தாங்கிய சொற்றொடர் ஒவ்வொரு முறையும் உறுதியோடு வந்து அமர்வதாகத் தோன்றுவதற்கு, சொற்களைப் போலவே இந்த ஒரு சுர மாற்றமும் காரணமாகும்.

இவ்வளவு எளிய தொடக்கம் பாடலுக்கு இன்னொரு பயனையும் தந்தது. கழுத்துப்பகுதியில் விரல் வைக்கவே பழகாத மாணவனும் முதல் அளவுகளை முதல் நாளிலேயே வாசித்துவிட முடியும் என்பதால், உலகெங்கும் கிட்டார் கற்பவர்கள் தொடக்கத்திலேயே பழகும் பாடல்களுள் ஒன்றாக அது நிலைத்துவிட்டது. அதே சமயம், குழுவின் தனிவாசிப்புக் கலைஞரான கிர்க் ஹாமெட்டுக்கு அது வேறுவகைச் சவாலாயிற்று. ஆல்பத்தில் பதிவான வடிவத்தில் இறுதித் தனிவாசிப்பு உட்பட ஹெட்ஃபீல்டே வாசித்திருந்ததால், ஹாமெட்டின் கிட்டார் அதில் இடம்பெறவே இல்லை. மேடையில் முன்னிசையை வாசிக்கும் பொறுப்பு ஹாமெட்டிடம் வந்தபோது, பிளெக்ட்ரம் என்னும் மீட்டுவில்லையை விட்டுவிட்டு, விரல்களால் மீட்ட அவர் புதிதாகப் பழக வேண்டியிருந்தது.

பதிவுக்கூடத்தில் அமைந்த வடிவம்

குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்டதும், கரிய அட்டையால் ‘பிளாக் ஆல்பம்’ என்று அழைக்கப்படுவதுமான ஐந்தாவது ஆல்பத்தை, மெட்டாலிகா 1990 அக்டோபர் முதல் 1991 ஜூன் வரை லாஸ் ஏஞ்சலஸின் ‘ஒன் ஆன் ஒன்’ பதிவுக்கூடத்தில் பதிவுசெய்தது. தயாரிப்பாளராக அமர்ந்தவர் கனடாவைச் சேர்ந்த பாப் ராக். மாட்லி க்ரூ குழுவுக்காக 1989-இல் அவர் தயாரித்த ‘டாக்டர் ஃபீல்குட்’ ஆல்பத்தின் நிறைவான ஓசையைக் கேட்டே அவரை மெட்டாலிகா தேடிச் சென்றது. அதுவரை ஒவ்வொரு கலைஞரும் தனித்தனியே வாசித்துப் பதிவுசெய்வதே குழுவின் வழக்கமாயிருக்க, அனைவரும் ஒரே அறையில் சேர்ந்து வாசிக்க வேண்டுமென்று பாப் ராக் வலியுறுத்தினார். இதனால் எழுந்த கருத்து மோதல்கள், அக்காலத்தில் எடுக்கப்பட்ட ஆவணப்படத்தில் பதிவாகியுள்ளன. ஆல்பம் முழுவதும் மூன்று முறை மிக்ஸிங் செய்யப்பட்டது. மிக்ஸிங் என்பது, தனித்தனித் தடங்களில் பதிவான குரலையும் கருவிகளையும் உரிய அளவில் இணைத்து இறுதி வடிவம் கொடுக்கும் பணியாகும்.

இந்தப் பாடலைப் பொறுத்தவரை பதிவுக்கூடத்தில் எடுக்கப்பட்ட முடிவுகளுள் முதன்மையானது குரலைப் பற்றியது. அதுவரை ஹெட்ஃபீல்ட் பாடிய முறை, உறுமலுக்கும் முழக்கத்துக்கும் இடைப்பட்டது. பாடகர் கிறிஸ் ஐசக்கின் பாடல் பதிவொன்றைப் பாப் ராக்கிடம் போட்டுக்காட்டி, அதுபோல உண்மையாகவே பாட விரும்புவதாக அவர் கூறினார் என்பது பாப் ராக்கே தெரிவித்த செய்தி. மென்குரல் ஒன்றை மைக்குக்கு அருகில் நெருங்கிப் பதிவுசெய்யும்போது, மூச்சும் நடுக்கமும் மறைவின்றி வெளிப்படும். டிஸ்டார்ஷனின் பின்னால் ஒளிந்துகொள்ள இடமிருக்காது. சிறுவயதில் தந்தை வீட்டைவிட்டுச் சென்றுவிட, மருத்துவ சிகிச்சையை மறுக்கும் சமயக் கொள்கையில் ஊன்றியிருந்த தாயைப் பதினாறாம் வயதில் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த ஹெட்ஃபீல்ட், அந்த இழப்புகளை அதுவரை சினமாகவே பாடிவந்தவர். இதே ஆல்பத்தில் உள்ள ‘தி காட் தட் ஃபெய்ல்ட்’ தாயின் மரணத்தைப் பற்றிய சினப்பாடலே ஆகும். அப்பாடல் இருக்கும் அதே தொகுப்பில் எட்டாவது பாடலாக ‘நத்திங் எல்ஸ் மேட்டர்ஸ்’ அமைந்திருப்பதை மனத்தில் கொண்டால், அவர் எடுத்துவைத்த அடி எத்தகையது என்பது விளங்கும்.

இரண்டாவது முடிவு ஆர்க்கெஸ்ட்ரா பற்றியது. பிங்க் ஃப்ளாயிட் குழுவின் ‘தி வால்’ ஆல்பத்தில் பணியாற்றிய மைக்கேல் கேமன் வயலின் முதலிய வில்லிசைக் கருவிகளுக்கான பகுதிகளை எழுதினார். அவற்றைப் பாப் ராக்கும் குழுவினரும் இறுதி மிக்ஸிங்கில் மிகத் தாழ்வாகவே வைத்தனர். ஆர்க்கெஸ்ட்ரா பாடலைத் தூக்கிப்பிடிக்கிறது, ஆனால் முன்னால் வந்து நிற்பதில்லை. கேட்பவரின் கண்ணீரைப் பிழிவதே நோக்கமாயிருந்தால், கையிலிருந்த வில்லிசையை இப்படி அடக்கி வைத்திருக்கத் தேவையில்லை. கிட்டாரின் கனத்தை நீக்கி, குரலும் ஆர்க்கெஸ்ட்ராவும் முன்னிற்கும் வேறொரு வடிவத்தைப் பின்னர் ‘சாட் பட் ட்ரூ’ சிங்கிளின் துணைப்பாடலாக வெளியிட்டபோது, எவ்வளவு செழுமையை அவர்கள் அடக்கி வைத்திருந்தார்கள் என்பது வெளிப்பட்டது. உல்ரிக்கின் டிரம்ஸும் இதே கட்டுப்பாட்டோடு, நீண்ட முன்னிசை முடிந்த பிறகே நுழைகிறது.

வெளியீடும் விமர்சனமும்

‘பிளாக் ஆல்பம்’ 1991 ஆகஸ்ட் 12 அன்று வெளியாகி, அமெரிக்காவின் பில்போர்டு தரவரிசையில் முதலிடத்திலேயே நுழைந்தது. கடைக்காரர்கள் கூறும் மதிப்பீட்டை விட்டுவிட்டு, விற்ற தட்டுகளின் பட்டைக்குறியீட்டை எண்ணித் தரவரிசையைக் கணக்கிடும் முறை அதே ஆண்டு மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வந்திருந்தது. மெட்டல் இசைக்கு எவ்வளவு பெரிய வாசல் இருக்கிறது என்பதை அந்த எண்ணிக்கை வெளிச்சமிட்டுக் காட்டியது. அமெரிக்காவில் மட்டும் 1.6 கோடிக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்று, 500 வாரங்களுக்கும் மேல் அப்பட்டியலில் இடம்பெற்ற அந்த ஆல்பத்திலிருந்து, ‘என்டர் சாண்ட்மேன்’, ‘தி அன்ஃபர்கிவன்’ ஆகியவற்றை அடுத்து மூன்றாவது சிங்கிளாக ‘நத்திங் எல்ஸ் மேட்டர்ஸ்’ வெளியிடப்பட்டது. அது அமெரிக்கத் தரவரிசையில் 34-ஆம் இடத்தையும் பிரிட்டனில் 6-ஆம் இடத்தையும் பெற்றது. ஆறரை நிமிட நீளமுள்ள பாடலொன்று, மூன்றரை நிமிடப் பாடல்களையே விரும்பும் வானொலியில் இவ்விடத்தைப் பெற்றது குறிப்பிடத்தக்கது.

வெளியீட்டு நாளான ஏப்ரல் 20 அன்றே, முந்தைய நவம்பரில் மறைந்த குயீன் குழுப் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரிக்கு லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் நினைவஞ்சலி இசைநிகழ்ச்சி நடந்தது. எய்ட்ஸ் நோய் பற்றிய விழிப்புணர்வுக்காக நடத்தப்பட்ட அந்நிகழ்ச்சியைத் தொடங்கிவைத்த மெட்டாலிகா, தனக்குக் கிடைத்த சிறு நேரத்தில் பாடிய மூன்று பாடல்களுள் இதுவும் ஒன்று. பாடலின் இசைக்காணொளியை, குழுவின் பதிவுக்கூடப் பணிகளைப் படம்பிடித்த ஆவணப்பட இயக்குநர் ஆடம் டூபின், அந்தக் காட்சிகளைக் கொண்டே தொகுத்தார். காதல் பாடலுக்கு வழக்கமான காதலர் காட்சிகளோ கடற்கரையோ அதில் இல்லை, வேலைசெய்யும் நான்கு இளைஞர்களும் ஒரு பதிவுக்கூடமுமே உள்ளன.

குறைகூறியவர்களின் வாதத்தையும் உரிய மதிப்போடு கருத வேண்டும். 1980-களின் பிற்பாதியில் அமெரிக்க இசைநிறுவனங்கள், கனமான ஆல்பங்களிலிருந்து ஒரு பவர் பாலட்டைப் பொறுக்கியெடுத்துச் சிங்கிளாக்குவதைத் திட்டமிட்ட விற்பனை வழியாகவே கையாண்டன. பல குழுக்கள் அதற்கென்றே பாடல் இயற்றின. வானொலியும் தொலைக்காட்சியும் புறக்கணித்த காலத்தில் ஒலிநாடாக்களைக் கைமாற்றிக் கைமாற்றி மெட்டாலிகாவை வளர்த்த தொடக்ககால ரசிகர்களுக்கு, தங்களுக்கு மட்டும் உரியதாயிருந்த ஒன்று ஊருக்கெல்லாம் பொதுவானபோது ஏற்பட்ட ஏமாற்றம் பொய்யானதன்று. சிங்கிளாக வெளியிடும் முடிவு வணிக முடிவே என்பதும் மறுக்கவியலாதது. ஆனால் விற்பதற்கென்று இயற்றப்படும் பாலட்டுகளின் அடையாளங்களான ஓங்கிய வில்லிசையும், இறுதியில் சுருதியை உயர்த்தும் உத்தியும், வானொலிக்கேற்ற குறுகிய நீளமும் இப்பாடலில் இல்லை. இயற்றியவரே அதை வெளியிடத் தயங்கினார். வெளியீட்டை வணிகம் தீர்மானித்தது. பாடலை வணிகம் எழுதவில்லை.

பிற கைகளில் அடைந்த வளர்ச்சி

ஒரு மெட்டின் உறுதியைச் சோதிக்க, அதை முதலில் பாடியவரின் குரலிலிருந்தும் கருவிகளிலிருந்தும் பிரித்துப் பார்ப்பது நல்ல வழி. ஃபின்லாந்தில் செல்லோ பயின்ற இளைஞர்கள் அமைத்த அபோகலிப்டிகா குழு, 1998-இல் இப்பாடலைச் சொற்களின்றிச் செல்லோக்களில் மட்டுமே வாசித்து வெளியிட்டது. சொல்லும் டிரம்ஸும் நீங்கிய நிலையிலும் மெட்டு தளரவில்லை. அடுத்த ஆண்டு ஏப்ரலில், கேமனின் தூண்டுதலால், மெட்டாலிகாவும் சான் பிரான்சிஸ்கோ சிம்பனி ஆர்க்கெஸ்ட்ராவும் பெர்க்லியில் இணைந்து இரு நாள்கள் நிகழ்ச்சி நடத்தின. 1991-இல் தாழ்த்தி வைக்கப்பட்ட ஆர்க்கெஸ்ட்ரா, கேமனே நடத்துநராக நிற்க, அந்த மேடையில் முழுக்குரலில் ஒலித்தது. ஒரு பாடலில் தொடங்கிய ஒத்துழைப்பு ஒரு முழு நிகழ்ச்சியாக விரிந்து, ‘எஸ் அண்ட் எம்’ என்ற ஆல்பமாகவும் வெளிவந்தது. கேமன் 2003-இல் மறைந்த பிறகும் அந்த முயற்சி தொடர, 2019 செப்டம்பரில் அதே ஆர்க்கெஸ்ட்ராவோடு குழு மீண்டும் மேடையேறியது.

ஆல்பத்தின் முப்பதாம் ஆண்டான 2021-இல், 53 கலைஞர்களும் குழுக்களும் அதன் பாடல்களைத் தத்தம் பாணியில் பாடிய ‘தி மெட்டாலிகா பிளாக்லிஸ்ட்’ என்ற தொகுப்பு வெளியானது. எந்தப் பாடலை வேண்டுமானாலும் தேர்ந்துகொள்ளலாம் என்றிருந்த நிலையில், பன்னிரண்டு பேர் இந்தப் பாடலையே தேர்ந்தனர்: நாட்டுப்புற மரபில் வந்த கண்ட்ரி இசைப் பாடகர் கிறிஸ் ஸ்டேபிள்டன், செவ்வியல் பியானோ கலைஞர் ஈகோர் லெவிட், சிலே நாட்டுப் பாடகி மோன் லாஃபெர்டே, எல்டன் ஜானின் பியானோவையும் யோ-யோ மாவின் செல்லோவையும் துணையாகக் கொண்ட மைலி சைரஸ் என்று அவர்களின் பின்னணிகள் ஒன்றுக்கொன்று வெகுதொலைவில் உள்ளன. அத்தொகுப்பின் வருவாய், கலைஞர்கள் தேர்ந்த அறப்பணிகளுக்கும், மெட்டாலிகா 2017-இல் நிறுவிய ‘ஆல் விதின் மை ஹேண்ட்ஸ்’ அறக்கட்டளைக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. அதே ஆண்டில் இப்பாடலின் காணொளி யூடியூபில் 100 கோடிப் பார்வைகளைத் தாண்டியது. ‘ஜங்கிள் குரூஸ்’ திரைப்படத்துக்காக இசையமைப்பாளர் ஜேம்ஸ் நியூட்டன் ஹோவர்டும் மெட்டாலிகாவும் சேர்ந்து அதன் கருவியிசை வடிவமொன்றையும் பதிவுசெய்தனர்.

இவ்வடிவங்களை அடுத்தடுத்துக் கேட்போருக்கு ஓர் உண்மை புலப்படும். கருவிகள் மாறினாலும், பாடும் குரல் ஆணுடையதாயினும் பெண்ணுடையதாயினும், திறந்த தந்திகளின் ஆறு சுரச் சுற்றும் காந்தாரத்தின் ஏக்கமும் பெரும்பாலும் தப்பாமல் வருகின்றன; அவற்றை நீக்கிவிட்டு இப்பாடலை வேறொன்றாக்கக் கலைஞர்கள் அரிதாகவே முனைந்தனர். பலருடைய பாணிகளைத் தாங்கியும் தன்னை இழக்காத இந்த உறுதியைத்தான் இசையிலக்கணம் நல்ல மெட்டின் அடையாளமாகக் கொள்கிறது.

வரலாற்றில் உரிய இடம்

ஹெவி மெட்டலின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் வேகத்தின் வளர்ச்சியையும் கனத்தின் வளர்ச்சியையும் முதன்மைப்படுத்தி, பாலட்டுகளைப் பின்னிணைப்பாகவே வைக்கின்றனர். இந்த அணுகுமுறையில் ஒரு பெரும் குறை உண்டு. வலிமையை மட்டுமே பேச அனுமதிக்கப்பட்ட ஒரு கலை, தன்னைப் பின்பற்றும் இளைஞர்களுக்கும் அந்த ஒன்றையே கற்றுக்கொடுக்கும். கறுப்பு உடையும் இரும்புப் பட்டையும் அணிந்து மைதானத்தில் கூடும் ஆயிரக்கணக்கான ஆண்கள், தங்களுக்குள் இருக்கும் பிரிவையும் அச்சத்தையும் அன்பையும் வாய்விட்டுப் பாட ஒரு பாடல் வேண்டியிருந்தது. வெளியிலிருந்து வந்த மென்பாடகர் ஒருவர் அதைப் பாடியிருந்தால் அவர்கள் செவிசாய்த்திருக்க மாட்டார்கள். ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ வாசித்த அதே கை மீட்டியதாலேயே அந்த அனுமதி அவர்களுக்குக் கிடைத்தது. கனமான பாடல்களில் ஈட்டிய நம்பிக்கையை ஹெட்ஃபீல்ட் இந்த ஒரு பாடலில் செலவிட்டார் என்றும், அந்தச் செலவால் அவருடைய இசை ஏழையாகவில்லை என்றும் கூறுவதே பொருந்தும்.

ஆகவே மெட்டல் குழுவின் பாலட் ஒன்றை மதிப்பிட முனைவோர், அது எத்தனை பிரதிகள் விற்றது என்பதையோ, அது எவ்வளவு மெதுவானது என்பதையோ அளவுகோலாகக் கொள்வது நியாயமாகாது. குழு தன் கனமான பாடல்களில் காட்டிய அதே ஒழுங்கையும் உழைப்பையும் அதில் காட்டியிருக்கிறதா, தான் அதுவரை பேசாத ஒன்றை அதில் பேசியிருக்கிறதா என்ற இரு கேள்விகளே உரிய அளவுகோல்களாகும். அவ்விரண்டுக்கும் ‘நத்திங் எல்ஸ் மேட்டர்ஸ்’ ஆம் என்றே விடை தருகிறது. அதனால் அதை மெட்டாலிகாவின் விதிவிலக்காக ஒதுக்காமல், அக்குழுவின் மையப் படைப்புகளுள் ஒன்றாகவே வைத்துக் கற்பதும் கற்பிப்பதும் முறையாகும்.